வௌவால் நாடும் முட்டி: நோய்த் தடுப்பில் இருவகை அறிஞரின் கூட்டுமுயற்சி

பனையிலும் தென்னையிலும் நீர் இறக்குவோர் விடியற்காலையில் முட்டியை அவிழ்க்கும்போது, அதனுள் எறும்பும் ஈயும் தேனீயும் மிதக்கக் காண்பது வழக்கம். சில நாட்களில் மரநாய் வாய்வைத்த அடையாளம் இருக்கும். சில நாட்களில் வௌவாலின் எச்சம் இருக்கும். பன்னாடையால் வடித்துவிட்டால் நீர் தூயதாகிவிடும் என்பது நெடுங்காலமாக நிலவிவரும் எண்ணம். கண்ணுக்குத் தெரியும் அழுக்கைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் சரியே. கண்ணுக்குத் தெரியாத ஒன்று வடிகட்டியின் வழியே நழுவிச் சென்று, வங்காளதேசத்துக் கிராமங்களிற் பல உயிர்களைக் கொண்டுபோன வரலாற்றை இப்பிரசுரம் கூறுகின்றது.

அந்நாட்டில் நீர் இறக்கப்படுவது பெரும்பாலும் ஈச்சமரத்திலிருந்தாகும். நோயின் பெயர் நிபா. இலங்கையில் மனிதரிடத்தே இந்நோய் கண்டதாக இதுவரை பதிவு இல்லை. ஆகவே இதனைப் படிப்போர் அச்சம் கொள்ளவேண்டியதில்லை. எனினும், அந்நோயைக் காவுகின்ற பெருவௌவால் எமது நாட்டிலும் வாழ்கின்றது. நாமும் மரத்து நீரை அருந்துகின்றோம். இவற்றினும் முக்கியமான காரணம் ஒன்றுண்டு. கிருமியை ஆராயும் அறிஞரும், மக்களின் வாழ்க்கைமுறையை ஆராயும் அறிஞரும் ஒரே கிராமத்தில் ஒன்றாக அமர்ந்து வேலைசெய்து, ஒரு நோய் மனிதரை அடையும் வழியை அறிந்தமைக்கு இதனைவிடத் தெளிவான உதாரணத்தைக் காண்பது அரிது.

பன்றிப் பண்ணையில் தோன்றிய நோய்

இந்நோய் முதன்முதலில் 1998 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மலேசியாவில் வெளிப்பட்டது. காய்ச்சல், தலைவலி, மயக்கம், மூளையழற்சி என்னுங் குறிகளைக் கண்ட அதிகாரிகள், அது நுளம்பினாற் பரவும் யப்பானிய மூளைக்காய்ச்சலே என முடிவுசெய்தனர். நுளம்புக்குப் புகையடித்தனர், தடுப்பூசி ஏற்றினர். நோய் நிற்கவில்லை. யப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவரைத் தாக்குவது. இங்கு நோயுற்றவரோ பன்றிகளோடு நாள்முழுதும் புழங்கிய வளர்ந்த ஆடவர். தடுப்பூசி ஏற்றிக்கொண்டவரும் நோயுற்றனர். யார் நோயுறுகின்றனர், அவர் செய்யுந் தொழில் யாது, அவர் வீட்டுச் சிறுவர் ஏன் நோயுறவில்லை என்னும் வினாக்களுக்கு உரிய இடம் அளிக்கப்பட்டிருந்தால், சில மாதங்களை வீணாக்காமல் இருந்திருக்கலாம் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

1999 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்து ஆய்வுகூடத்தில் இதுவரை அறியப்படாத வைரசு ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. நோயாளியின் ஊராகிய சுங்கை நிபாவின் பெயரே அதற்கு இடப்பட்டது. அந்நோய்ப்பரவலில் மலேசியாவில் 265 பேர் மூளையழற்சியுற்று, அவருள் 105 பேர் இறந்தனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. ஒரு கால்நடைத் தொழில் ஏறத்தாழ முற்றாகக் குலைந்தது. பின்னர் செய்த ஆராய்ச்சியில், பழந்தின்னி வௌவாலே வைரசின் இயற்கை உறைவிடம் என்று தெரியவந்தது. கொட்டில்களை அடுத்து மா முதலிய பழமரங்கள் நின்றன. வௌவால் கடித்துப் போட்ட பழம் கொட்டிலில் வீழ்ந்தது, பன்றி தின்றது, பன்றியிலிருந்து மனிதருக்குச் சென்றது. பழமரமும் பன்றியும் ஒருங்கே வளர்த்தல் சிக்கனமான கமத்தொழில் முறை என்று எவரும் சொல்லியிருப்பர். அச்சிக்கனத்தினுள் இத்தகைய வாயில் ஒன்று திறந்திருந்ததை எவரும் எதிர்பார்க்கவில்லை.

பன்றியில்லாத கிராமங்கள்

2001 ஆம் ஆண்டில் வங்காளதேசத்தின் மெகர்பூர் மாவட்டத்தில் அதே நோய் தோன்றியது. பின்னர் பெரும்பாலான குளிர்காலங்களில் ஏதேனுமொரு மாவட்டத்தில் தலைகாட்டுவதும் சில மாதங்களில் மறைவதுமாக இருந்தது. நோயுற்றவருள் ஏறத்தாழப் பத்துப் பேருக்கு ஏழு பேர் மாண்டனர். மலேசியாவில் கற்ற பாடம் இங்குப் பொருந்தவில்லை. நோய் கண்ட கிராமங்களிற் பெரும்பாலானவை பன்றி வளர்க்காத முஸ்லிம் கிராமங்கள். வைரசு வௌவாலிடம் உள்ளது என்பதை ஆய்வுகூடம் கூறியது. வௌவாலிடமிருந்து அது மனிதரின் வாய்க்கு எவ்வழியாக வந்தது என்பதை ஆய்வுகூடத்தாற் கூற இயலவில்லை.

2004 ஆம் ஆண்டு இறுதியிலும் 2005 ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும் தங்காயில் மாவட்டத்தில் 12 பேர் நோயுற்றனர். 11 பேர் இறந்தனர். இறந்தவரை வினவுதல் இயலாது. ஆதலால் அவருடைய உறவினரையும் அயலவரையும் விரிவாக விசாரித்தனர். உண்டவை யாவை, ஏறிய மரங்கள் யாவை, தொட்ட விலங்குகள் யாவை என ஒவ்வொன்றாகக் கேட்டு, நோயுறாத அயலவரின் விடைகளோடு ஒப்பிட்டனர். நோயுற்றவருள் 100 க்கு 64 பேர் காய்ச்சாத ஈச்சநீரை அருந்தியிருந்தனர். நோயுறாதவருள் அவ்வாறு அருந்தியோர் 100 க்கு 18 பேரே. வேறெந்தப் பழக்கத்திலும் இத்தகைய வேறுபாடு காணப்படவில்லை.

ஈச்சநீர் இறக்கும் முறையை ஈண்டுச் சற்று விளக்குதல் அவசியம். அது எமது பனஞ்சீவலினின்றும் வேறானது. குளிர்காலத்தில் ஈச்சமரத்தின் உச்சிப்பகுதியில், ஓலைகளுக்குக் கீழே அடிமரத்தின் பட்டையை ஒருபுறமாகச் சீவிவிடுவர். சீவிய பரப்பில் ஊறும் நீர் வழிந்து, செருகப்பட்டிருக்கும் மூங்கிற் குழலின் வழியே மட்பானைக்குள் விழும். மாலையிற் கட்டிய பானையை விடியற்காலையில் இறக்குவர். அந்நீரிற் பெரும்பகுதி வெல்லமாகக் காய்ச்சப்படும். ஒரு பகுதியைச் சூரியன் எழுமுன் குளிரக் குளிரக் குடிப்பர். பனிக்காலத்தின் பெருவிருந்து அதுவே. உறவினர் வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவதும், வந்த விருந்தினருக்கு வார்ப்பதும் அங்கு நெடுநாள் வழக்கம்.

கமராவும் உரையாடலும்

வௌவால் மெய்யாகவே மரத்திற்கு வருகின்றதா என்பதை அறிதற்கு ஆராய்ச்சியாளர் இருளிலும் படம்பிடிக்கவல்ல செந்நிறக்கீழ்க்கதிர்க் கமராக்களை ஈச்சமரங்களிற் கட்டிவைத்தனர். இரவுதோறும் வௌவால்கள் வந்து சீவிய பரப்பை நக்குவதும், நீர் வழியும் இடத்தில் வாய்வைப்பதும் படங்களில் தெளிவாகப் பதிந்தன. உமிழ்நீரும் சிறுநீரும் எச்சமும் பானைக்குட் சேரும் வழி இவ்வாறு புலனாயிற்று.

இயற்கை விஞ்ஞானி தன் பங்கைச் செய்துவிட்டான். இனிச் செய்யவேண்டியது யாது? பச்சை ஈச்சநீரைக் குடியாதீர் என்று பறையறைந்துவிட்டாற் போதும் என்பதே எவர் மனத்திலும் முதலில் தோன்றும். அதனை மட்டும் நம்பி நில்லாது, மானிடவியலாளர் சிலர் சீவல் தொழிலாளரிடஞ் சென்றனர். அவரை அந்நாட்டில் காச்சி என அழைப்பர். மரத்தடியில் அமர்ந்து, அவர் மரமேறி இறங்கும் வரை காத்திருந்து, தொழிலைப் பற்றிக் கேட்டனர்.

வௌவால் வருவது காச்சிகளுக்குப் புதுமையான செய்தியன்று. கமரா காட்டியதைக் காச்சி தன் பாட்டன் காலந்தொட்டே அறிந்திருந்தான். எச்சம் விழுந்தால் நீரின் நிறமும் சுவையுங் கெடும், விலை குறையும். ஆதலால் வௌவால் அவனுக்கு ஓர் இடையூறு. நோய் தருவது என்று மட்டும் அவன் எண்ணியதில்லை. அவ்விடையூற்றை நீக்கச் சிலர் சீவிய இடத்தில் முட்செடியைக் கட்டினர். சிலர் துணி சுற்றினர். வேறு சிலர் மூங்கிலைச் சிம்பாகப் பிளந்து பாய்போல முடைந்து, சீவிய பரப்பும் குழலும் பானை வாயும் மறையும்படி மரத்தைச் சுற்றிக் கட்டினர். அதற்குப் பானா என்று பெயர். வெளிநாட்டு ஆய்வுகூடம் எதுவும் கண்டுபிடித்த கருவியன்று அது. கிராமத்தில் ஏற்கெனவே இருந்தது. சிலர் மட்டுமே கையாண்டுவந்தது.

இயற்கை விஞ்ஞானியும் சமூக விஞ்ஞானியும் கைகோத்த இடம் இதுவே. மானிடவியலாளர் கண்டறிந்த பானாவை உயிரியலாளர் பரீட்சித்தனர். மூங்கில், சணற்குச்சி, தைஞ்சா என்னும் செடியின் தண்டு, பொலித்தீன் ஆகியவற்றால் மறைப்புகள் செய்து, மறைப்பிட்ட மரங்களையும் இடாத மரங்களையும் கமராவினால் இரவிரவாகக் கண்காணித்தனர். சீவிய பரப்பு முதல் பானை வாய்வரை இடைவெளியின்றி மறைத்தபோது வௌவால் நீரை அணுகுதல் தடைப்பட்டது. தைஞ்சா எமது வயல்களிலும் பசளைக்காக விதைக்கப்படும் பயிரே.

கூறுதல் வேறு, கேட்கப்படுதல் வேறு

ஈண்டு என் அனுபவம் ஒன்றைக் கூறுதல் பொருந்தும். விவசாயப் பாடசாலையிற் பயின்று வெளிவந்து, முதன்முதல் ஒரு பகுதியிற் கடமையேற்ற காலத்தில், பூச்சிகொல்லி தெளிக்கும்போது மூக்கையும் வாயையும் தடித்த துணியால் மூடுதல் வேண்டும் என்று பல வகுப்புகள் நடாத்தினேன். கமக்காரர் அனைவரும் தலையசைத்தனர். மறுவாரம் வயலிற் சென்று பார்த்தபோது ஒருவரேனும் மூடியிருக்கவில்லை. அவருக்கு அறிவில்லை என்று என் நாட்குறிப்பில் எழுதினேன். வயது முதிர்ந்த கமக்காரர் ஒருவர், "தம்பி, நீங்கள் ஒருநாள் தாங்கியைத் தோளிலே போட்டுப் பாருங்கோ" என்றார். போட்டுப் பார்த்தேன். நண்பகல் வெயிலில், வியர்வையில் நனைந்த துணி மூக்கில் ஒட்டி மூச்சை அடைத்தது. அரைப் பரப்பைத் தெளித்து முடிப்பதற்குள் யானே அதனைக் கழற்றி எறிந்தேன். காலை ஏழு மணிக்கு முன் தெளிக்குமாறு முதலிற் சொல்லியிருந்தால், துணியைப் பற்றிய பேச்சையும் கேட்டிருப்பர். நாட்குறிப்பில் எழுதியதை அன்றிரவு வெட்டிவிட்டேன்.

வங்காளதேசத்திலும் இத்தகையதே நிகழ்ந்தது. ஆயினும் அங்கு விளைவு கொடியது. நோய்ப்பரவல் ஒன்றின்போது, ஈச்சநீரைக் குடிக்கவேண்டாம் என்று சுகாதாரப் பகுதியினர் அறிவித்த பின்னரும் ஊரார் குடிப்பதை நிறுத்தவில்லை. தம் ஊரைத் தாக்கியது தெய்வக்குற்றமோ தீய ஆவியோ என்று அவர்கள் நம்பினர். வைத்தியசாலைக்குச் சென்றவர் பிணமாகத் திரும்பியதால் அதன்மீதிருந்த நம்பிக்கையும் போயிற்று. மானிடவியலாளர் அவ்வூரிற் கூட்டங் கூட்டி, முதலில் ஊராரின் விளக்கத்தை முழுவதுங் கேட்டனர். அதன் பின்னரே மரத்தில் வௌவால் நக்குங் காட்சியைப் படமாகக் காட்டினர். முன்னர் வந்தவர்கள் குடிக்கவேண்டாம் என்றனரேயன்றி வௌவாலைப் பற்றி ஒன்றுஞ் சொல்லவில்லையே என ஊரார் கூறினர். அன்று விளங்கிக்கொண்டதாகவும், இனிக் குடிப்பதில்லை என்றும் தெரிவித்தனர். உயிரியலாளர் எடுத்த படமும் சமூகவியலாளர் ஒழுங்குசெய்த கூட்டமும் ஒன்றுக்கொன்று துணையாயின.

நோயாளியைப் பராமரிக்கும் முறையிலும் இதே சிக்கல் இருந்தது. 2004 ஆம் ஆண்டிற் பரித்பூர் மாவட்டத்தில் நோயுற்ற 36 பேருள் 27 பேர் இறந்தனர். அவருட் பெரும்பாலானோருக்கு நோய் மனிதரிடமிருந்தே தொற்றியது. நோயாளியின் தலையை மடியில் வைத்து, வாயைத் துடைத்து, ஒரே கலத்தில் உண்டு, பக்கத்திற் படுத்துப் பராமரித்த தாயும் மனைவியும் சகோதரரும் நோயுற்றனர். இத்தகையோரிடம் அருகே செல்லாதீர் என்று சொல்லுதல் அன்பை விட்டுவிடு என்று சொல்லுதலையே ஒக்கும். கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல், நோயாளி உண்ட மிச்சத்தை உண்ணாதிருத்தல், முகத்துக்கு நேரே முகம் வைத்துப் படுக்காதிருத்தல் என்பன அன்புக்கு முரணாகாதவை. அத்தகைய அறிவுரையே செவியில் ஏறக்கூடியது.

2012 முதல் 2014 வரையான சீவற் பருவங்களில் ஒரு பெரிய பரிசோதனை நடாத்தப்பட்டது. ஒரு பகுதி மக்களிடம் பச்சை ஈச்சநீரை அறவே குடிக்கவேண்டாம் என்று பிரசாரஞ் செய்தனர். மற்றொரு பகுதியில், குடிப்பதாயின் மறைப்பிட்ட மரத்து நீரையே குடியுங்கள் என்றனர். மூன்றாவது பகுதியிற் பிரசாரம் எதுவுஞ் செய்யவில்லை. பிரசாரஞ் செய்த இரு பகுதிகளிலும் நோயைப் பற்றிய அறிவு பெருகியது. ஆனால், குடிக்கும் வழக்கம் பிரசாரமற்ற பகுதியிலுங் குறைந்தே இருந்தமையால், பிரசாரத்தினாலேயே அது குறைந்தது என்று கொள்ளும் அளவுக்கு வேறுபாடு தோன்றவில்லை. மறைப்பைப் பற்றிய செய்தியை நேரிற் கேட்டவருள் மட்டும் ஒரு பயன் தெரிந்தது: அவருள் 100 க்கு 25 பேர் மறைப்பிட்ட நீரைத் தேடிக் குடித்தனர், கேளாதவருள் 15 பேரே அவ்வாறு செய்தனர். இது பெருவெற்றியன்று. அறிவு பெருகினாற் பழக்கம் தானே மாறும் என்று நம்பிப் பிரசுரம் எழுதும் என்னைப் போன்றோர் இவ்விலக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்தல் நன்று.

மறைப்புக் கட்டுவதற்குக் காச்சிகள் கூறிய தடைகள் இரண்டு: நேரம், செலவு. மறைப்பினால் நீர் தூய்மையாக இருக்கக் கண்டதே அவருக்கு ஊக்கமாயிற்று. வெல்லத்துக்கெனக் காய்ச்சப்படும் நீரில் வைரசு வெப்பத்தால் அழிந்துவிடும். ஆகவே, பச்சையாக அருந்துவதற்கு ஒதுக்கிய மரங்களுக்கு மட்டும் மறைப்பிட்டாற் செலவு பெரிதுங் குறையும்.

எமது மரங்களும் எமது பழத்தோட்டங்களும்

பேராதனைப் பூங்காவின் மரங்களிற் பகல் முழுதும் தலைகீழாகத் தொங்கும் பெருவௌவாலும் வங்காளதேசத்து வௌவாலும் ஒரே இனத்தவை. 2018 ஆம் ஆண்டிற் கேரளத்துக் கோழிக்கோட்டுப் பகுதியில் இந்நோய் தோன்றி, பின்னரும் அம்மாநிலத்திற் பலமுறை தலைகாட்டியுள்ளது. இந்நோய்க்கு அங்கீகாரம் பெற்ற தடுப்பூசியோ தனி மருந்தோ இன்னுங் கிடையாது. எனவே, பின்வருவனவற்றை வருமுன் காக்கும் முறைகளாகக் கருதல் தகும்.

பனையிலும் தென்னையிலும் பாளையின் நுனியே முட்டிக்குள் நுழைந்திருப்பதால், ஈச்சமரத்தைப் போல அகன்ற பரப்பு வெளியிற் கிடப்பதில்லை. இது எமக்கு வாய்த்த அனுகூலம். எனினும், பாளைக்கும் முட்டியின் வாய்க்கும் இடையேயுள்ள வெளியைப் பன்னாடையாலோ பின்னிய ஓலையாலோ இறுக மூடுதல் வேண்டும். மரநாயும் அதனால் விலகும். கருப்பநீருக்காக முட்டியிற் பூசுஞ் சுண்ணாம்பு நீரைப் புளியாமற் காப்பதற்கேயன்றி நோய்க்கிருமியை ஒழிப்பதற்காக இடப்படுவதன்று. புளித்த கள்ளிற் கிருமி இறந்துவிடும் என்பதும் நம்பத்தக்கதன்று. வங்காளதேசத்தில் 2011 க்கும் 2014 க்கும் இடையில் தாரி எனப்படும் புளித்த ஈச்சங்கள்ளை அருந்தியோரும் நிபா நோயுற்றனர். எச்சம் விழுந்த முட்டியின் நீரை வடித்துக் குடியாது, பனங்கட்டிக்குக் காய்ச்சும் தாச்சியில் ஊற்றுக.

வௌவால் கடித்த மா, கொய்யா, பப்பாசிப் பழங்களை உண்ணலாகாது, மாட்டுக்கும் பன்றிக்கும் ஆட்டுக்கும் இடலாகாது, குழியிற் புதைத்துவிடுக. புதிதாகப் பன்றிக் கொட்டில் அமைப்போர் பழமரங்களுக்கு அப்பால் அமைப்பாராக.

வௌவாலைச் சுட்டுக் கொல்வதாலும், அது தங்கும் மரத்தைத் தறிப்பதாலும் பயனில்லை. கலைக்கப்பட்ட கூட்டம் பல ஊர்களுக்குப் பரவி நிற்கும். மேலும், இலுப்பை முதலிய மரங்களின் பூவிற் கருக்கட்ட உதவுவதும் வித்தைத் தொலைவிற் கொண்டுசென்று போடுவதும் இவ்விலங்கே. அதன் பங்கை மரத்தின் உச்சியில் விட்டுவிட்டு, எமது முட்டியை மட்டும் மூடிக்கொள்ளுதல் இருசாராருக்கும் நலம்.

காய்ச்சலோடு தடுமாற்றமும் மயக்கமும் மூச்சுத்திணறலும் ஒருவருக்குக் கண்டால், காலந்தாழ்த்தாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். நோயாளி அண்மையில் அருந்திய நீர், உண்ட பழம், புழங்கிய விலங்கு ஆகியவற்றை வைத்தியர் கேளாவிடினும் தாமாகவே கூறுக. ஒரே வீட்டிலோ அயலிலோ இருவருக்கு இக்குறிகள் தோன்றினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவித்தல் வேண்டும்.

மரமேறும் தொழிலாளரிடம் ஒரு வேண்டுகோள். மரநாயையும் வௌவாலையும் முட்டியினின்று விலக்க உங்கள் ஊரிற் கையாளப்படும் முறை யாது? ஓலையா, பன்னாடையா, முள்ளா, சாக்கா? எந்த மாதத்தில் வௌவால் மிகுதியாக வருகின்றது? பாளை சீவும்போது அம்மறைப்பு இடைஞ்சலாக உள்ளதா? இவற்றை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கூறுவீர்களாயின், அடுத்த பிரசுரத்தில் அம்முறைகள் படத்துடன் வெளியிடப்படும்.